காயாத மூலை

குழாயை முற்றாக மூடி ஒரு கிழமை ஆகியும் அந்தக் குளியலறையில் ஒரு மூலை மட்டும் காயவில்லை. இருபத்திரண்டு வருடம் மேசன் வேலை செய்கிறேன், ஐயா. எனக்கே முதலில் காரணம் பிடிபடவில்லை.

தாழ்வுபாடு கிராமத்தில் என் தம்பி றொஷானின் வீடு அது. டைல் ஒட்டுமுன் சுவரை நேராக்க வேண்டும். வேலை தொடங்கியபோது தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தேன். மேலுக்கும் கீழுக்கும் ஓர் அங்குலச் சரிவு. சாந்து பூசி நிமிர்த்தினேன். அதன்மேல் தண்ணீர் புகாத பூச்சு, இரண்டு தரம். டைல்தான் தண்ணீரைத் தடுக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, பின்னால் இருக்கும் அந்தப் பூச்சுத் தோல்தான் தடுக்கிறது. அது காய வேண்டும்.

நான் சாப்பிட்டுவிட்டு வந்தபோது, ஈரப் பூச்சின்மேல் றொஷான் டைல் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"காயட்டுமடா," என்றேன்.

"கக்கூசுக்கு இவ்வளவு வியாக்கியானமோ, அண்ணை? ஒட்டினாப் பிறகு உள்ளுக்க என்ன கிடக்கெண்டு ஆர் பாக்கப் போறாங்கள்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. என் கையில் சுத்தியல் இருந்தது. ஒரு தரமே போதுமாயிருந்தது.

அவன் மனைவி ஜெனுஷா அடம்பனில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். குழாய்களை மறைக்க மூலையில் ஓரடி அகலத்தில் ஒரு கட்டு எழுப்புவதாக இருந்தோம். இரண்டடியாக எழுப்பினேன். மணக்காமலிருக்க, எங்கள் கரையில் மீனுக்குச் செய்வதையே செய்தேன்: ஆறு மூட்டை உப்பு. அவன் ஒட்டியவற்றைக் கழற்றி, எல்லாவற்றையும் முறைப்படி பூசினேன்.

அவன் படகேறி இந்தியா போய்விட்டான் என்று ஜெனுஷாவிடம் சொன்னேன். நாலு மாதம் அந்தக் குளியலறையில்தான் குளித்தாள்.

"ஊருக்கெல்லாம் விளக்கம் சொல்லுறீங்கள் அத்தான், உங்கட சுவர் வேர்க்குது," என்று சிரித்தாள். பிறகு, "அவர் வரேக்க இது நல்லா இருக்கோணும். உடைச்சுப் பாருங்கோவன்," என்றாள்.

நான் மறுத்தேன். நாளைக்கு அவள் கூப்பிட்ட வேறொரு மேசன் வருகிறான். மேலால் பூசி மெழுகிவிட்டுப் போய்விடுவான். அதனால்தான் நானே பொலிஸ் நிலையத்துக்கு, உங்களிடம் வந்தேன்.

காரணம் இன்று காலைதான் விளங்கியது. கரையில் கருவாட்டு மூட்டைகள் வேர்த்துக் கிடந்தன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். என் பூச்சு முன்னால் வரும் தண்ணீரைத் தடுக்கும். பின்னாலிருந்து ஈரம் தள்ளினால் உரிந்துவிடும்.

ஆகவே செய்ய வேண்டியது இதுதான், ஐயா. அந்த மூலையை உடையுங்கள். றொஷானை எடுங்கள். உப்புப் பட்ட கல் ஒன்றையும் விடவேண்டாம். புதிதாகக் கட்டி, இரண்டு தரம் பூசி, ஒவ்வொரு தரமும் காயவிடுங்கள். பிறகு ஜெனுஷாவுக்கு ஒரு குறையும் இருக்காது.