கம்பளி போர்த்திச் சொன்ன வாக்கு

நம்ம பாட்டனுக்குப் பாட்டன் காலம்னு வச்சுக்கோங்க. கொம்பேரி மலையடியில தொட்டிக்காடுன்னு ஒரு ஊரு. ஊரே ஆடு மேய்க்கிற ஊரு. அந்த ஊருக்காக ஜமீன் சபையில உக்காந்தவரு பீரன், நம்ம வம்சத்து ஆளு.

சபைன்னா சட்டம் போடுற சபை. கோட்டும் தலப்பாவும் போட்டாத்தான் உள்ள விடுவாங்களாம். கம்பளிய வாசல்லயே கழட்டி வச்சிரணுமாம். பீரனுக்கு முன்னால நம்ம ஊருக்காகப் போன லிங்கன் கழட்ட மாட்டேன்னாராம். சவுக்காலயே அடிச்சுத் துரத்துனாங்களாம். அதுக்கப்புறம் அவரு நிமிந்து நடக்கவே இல்லையாம்.

அப்ப ஒரு புதுச் சட்டம் வந்துச்சாம். மலையில இனி ஆடு ஏறக் கூடாதாம். மலை இல்லேன்னா ஆடு ஏது, ஆடு இல்லேன்னா ஊரு ஏது? ஆனா சபையில ஒருத்தர் மாட்டேன்னாலும் சட்டம் நிக்காதாம், அது ஜமீனே போட்ட விதியாம்.

பொண்டாட்டி சிக்கம்மா சொன்னாளாம், "கோட்டயே போட்டுக்க மாமா. மாட்டேன்னு மட்டும் சொல்லிப்புடு."

போனாராம். வாசல்ல கம்பளிய வாங்கிப் போட்டுட்டு அரமனைக் கோட்ட மாட்டிவிட்டாங்களாம். கழுத்தப் புடிக்குதாம், கக்கத்தப் புடிக்குதாம். உள்ள ஒவ்வொருத்தரா "சம்மதம்", "சம்மதம்"ங்கிறாங்க. பீரனுக்கு முறை வந்துச்சு. சவுக்குக்காரன் பின்னாலயே நிக்கிறான். என்ன சொன்னாரு தெரியுமா?

"சம்மதம்."

ஆமா, நம்ம பாட்டன்தான் சொன்னாரு. மறைக்கிறதுக்கு என்ன இருக்கு!

சொன்னதும் ஊர்ல இருக்கிற மூஞ்சியெல்லாம் கண்ணுல வந்துச்சாம். நம்ம கூட்டத்துல கம்பளி போர்த்திச் சொன்னாத்தானே வாக்கு? எந்திரிச்சாராம். நடுங்கிக்கிட்டே வாசலுக்குப் போனாராம். கோட்டக் கழட்டினாராம், கம்பளியப் போர்த்தினாராம், வாசல்ல நின்னவங்க தடுக்கிறதுக்குள்ள திரும்ப உள்ள வந்தாராம்.

"என்னடா இது?"ன்னு ஜமீன்தார் கத்துறாரு.

"சாமி, சம்மதம் சொன்னது நீங்க குடுத்த கோட்டு. கோட்டுக்கு ஏது ஆடு? தொட்டிக்காடு இப்பத்தான் பேசுது. சம்மதமில்ல சாமி."

பல்லு தந்தியடிச்சதுல பாதி கேக்கலையாம். திரும்பச் சொல்லுடான்னாங்களாம். திரும்பவும் சொன்னாராம்!

ஜமீன் போட்ட விதி, ஜமீனாலயே மீற முடியல. சட்டம் நிக்கல. பீரனுக்கு முதுகுத் தோலும் நிக்கல. அந்தக் கம்பளியிலயே போட்டுத் தூக்கிட்டு வந்தாங்களாம். பொழச்சாரு. ஆனா சாகிற வரைக்கும் ஜமீன் ஆளுங்க குதிரைச் சத்தம் கேட்டா ஆட்டுப்பட்டிக்குள்ள போயி ஒளிஞ்சுக்குவாராம்.

அதனாலதான் இன்னிக்கும் நம்ம ஊர்ல இருந்து மெம்பராப் போனாலும் சரி, எம்எல்ஏவாப் போனாலும் சரி, சட்டைக்கு மேல கம்பளி போர்த்தி அனுப்புறோம். போர்த்திவிடுற பொம்பள காதுல ஒரு வார்த்தை சொல்லுவா. தைரியமா இருன்னு சொல்ல மாட்டா.

"நடுங்குனா நடுங்கு. சொல்லாம மட்டும் வந்துராத"ம்பா.