மேசைக்குக் கீழே இருந்த கைகள்

புகுமுக வகுப்பின் வாசலில் புரியாமல் நின்ற பிள்ளைகளைப் பொறுமையோடு உள்ளே அழைத்த புலமையாளரே! ஆங்கிலத்துக்கு அஞ்சியவர்களை அரவணைத்து ஆளாக்கிய அண்ணலே! பேராசிரியர் ஆதிநாராயணன் அவர்களே!

இப்படியே இன்னும் ஒரு பக்கம் போகத் தமிழ்த்துறைக்குத் தெரியும். நீங்கள் விட்டால்தானே! "துலுக்காணம் பேர் இல்லாத மடலை நான் கையால் தொட மாட்டேன்" என்று ஆசிரியர் அறையில் அடித்துச் சொல்லிவிட்டீர்கள். ஓய்வு பெறும் நாளில் இப்படியும் ஒரு பிடிவாதமா! சரி, உங்கள் விருப்பம். ஆனால் முகத்துக்கு நேரே "நீங்கள், நீங்கள்" என்று இதைப் படிக்க எங்களுக்கு வாய் வராது. ஆகவே கொஞ்ச நேரம் உங்களை "அவர்" என்று தள்ளி வைத்துச் சொல்கிறோம். பொறுத்தருள வேண்டும்.

அறுபதுகளின் நடுவில் அவர் இக்கல்லூரிக்கு வந்தபோது, பழவேற்காட்டுக் குப்பங்களிலிருந்தும் சோழவரத்துக் கழனிகளிலிருந்தும் வந்த பிள்ளைகள் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டிருந்தார்கள். பள்ளியில் எல்லாம் தமிழ். இங்கே எல்லாம் ஆங்கிலம். பொங்கலுக்கு ஊருக்குப் போனவர்களில் பலர் திரும்பி வரவே இல்லை. அவர்தான் சனிக்கிழமைதோறும் தனி வகுப்பு வைத்தார். பாடம் கேட்கக் கேட்கக் குறிப்பெடுப்பது, அகராதி புரட்டுவது, உருப்போடாமல் சொந்தமாக எழுதிப் பார்ப்பது, புரியாததைக் கூச்சமில்லாமல் எழுந்து கேட்பது என்று அரிச்சுவடியிலிருந்து தொடங்கினார். பாதியில் ஓடியிருக்க வேண்டியவர்கள் பட்டம் வரை வந்தார்கள்.

பட்டம் வந்தது, வேலை வந்ததா? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மணவாள நகர் டீக்கடைகளில் பட்டதாரிகள் பழைய பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்துத்தான் அவர் இன்டர்வியூ வகுப்பும் தொடங்கினார். வந்தது வினை!

"கையை மேசைக்குக் கீழே வைத்துக்கொள். காய்ப்பைப் பார்த்தால் கூலிக்காரன் என்று கழித்துவிடுவான். என்ன வேலை தெரியும் என்று கேட்டால், படிப்பைத் தவிர ஒன்றும் தெரியாது என்று சொல்." இதுதான் அந்த வகுப்பின் முதல் பாடம். அவர் வாலிபத்தில் பார்த்த ஆபீசுகள் அப்படித்தான் ஆள் எடுத்தன. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? இன்டர்வியூவுக்கு முந்தின நாள் விடுதி முழுக்கத் தேங்காய் எண்ணெய் வாசனைதான். அவரவர் காய்ப்பைக் கல்லால் தேய்த்து எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

அந்த வகுப்பில் ஒரு சொல் தவறாமல் கேட்டுக்கொண்டவர் துலுக்காணம். பழவேற்காட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. தகப்பனார் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போனவர். வலை, வடம் என்று எதைக் கொடுத்தாலும் முடிச்சே தெரியாமல் பின்னி இணைத்துவிடும் கை அவருக்கு. அவர் பி.எஸ்ஸி. தேறியதும் தாயார் செங்கம்மாள் கல்லூரிக்கே வந்துவிட்டார். "எம்புள்ள தண்ணிக்குப் போவக்கூடாது சார். ஒரு வேலையில குந்த வச்சிடுங்க. அவங்கப்பன வாரிக்கினு போன தண்ணி சார் அது" என்று கையெடுத்துக் கும்பிட்டார். "நான் பார்த்துக்கறேன்மா" என்று வாக்குக் கொடுத்தார் ஆதிநாராயணன்.

எழுபத்து நான்கில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு புதிய கம்பெனி சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் கேட்டது. அவரே துலுக்காணத்தைக் கூட்டிப்போனார். திறந்த கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து உள்ளே நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கையை மேல வைப்பா. அடேயப்பா, இவ்வளவு காய்ப்பு! என்ன வேலை செய்வே?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணும் செய்ய மாட்டேன் சார். படிப்பு மட்டும்தான் தெரியும்."

"வடம் பின்னத் தெரியுமா? பெரிய மெஷினையெல்லாம் தூக்கி நிறுத்தற இடம் இது. அந்தக் கை வேலையும் தெரிஞ்ச பட்டதாரியைத்தான் தேடறேன்."

துலுக்காணம் கதவுப் பக்கம் திரும்பித் தம் ஆசிரியரைப் பார்த்தார். ஆசிரியர் பெஞ்சை விட்டு எழவில்லை. துலுக்காணம் கைகளை மெல்ல மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டு, "தெரியாது சார்" என்றார்.

அப்புறம்தான் ஆதிநாராயணன் உள்ளே ஓடினார். "ஐயா, அவனுக்குத் தெரியும்! நல்லாவே தெரியும்! நான்தான் சொல்லக்கூடாதுன்னு சொல்லிக்கொடுத்தேன்!"

மேனேஜர் கோபப்படக்கூட இல்லை. "தெரிஞ்சதைத் தெரியாதுன்னு சொல்றவன், நாளைக்கு அறுந்துபோற வடத்தைப் பார்த்து நல்லா இருக்குன்னும் சொல்லுவான் சார். கீழே நிக்கிறவன் தலையில விழும். போய் வாங்க."

ரயிலுக்குக் காத்திருந்தபோது துலுக்காணம்தான் அவருக்கு ஆறுதல் சொன்னார். "வுடுங்க சார். நீங்க நல்லதுக்குத்தான சொன்னீங்கோ. எங்கம்மாகிட்ட இன்னா சொல்றதுன்னுதான் தெரில." ஆசிரியர் அழுதாராம். வேறு வேலை எதுவும் வரவில்லை. அந்த ஆண்டே துலுக்காணம் படகேறிவிட்டார்.

அதன்பின் ஆதிநாராயணன் வகுப்பில் முதல் நாளே எல்லாப் பிள்ளைகளும் கையை மேசைமேல் வைத்து, தமக்குத் தெரிந்த வேலையை உரக்கச் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. அப்படிச் சொல்லியே சிலர் வேலைக்கும் போனார்கள். அதையெல்லாம் எடுத்துச் சொன்னால், "அவனுக்கு?" என்று கேட்பார்.

சென்ற வாரம் இந்த விழாவுக்கு அழைக்கப் பழவேற்காட்டுக்குத் தாமே போனார். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த துலுக்காணம் அவரைக் கண்டதும் எழுந்தார். எழுந்த வேகத்தில் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அழைப்பிதழை நீட்டியபோதும் அந்தக் கைகள் முன்னால் வரவில்லை. செங்கம்மாள்தான் வாங்கிக்கொண்டார். "யாரானா பேண்ட் போட்டவங்க வந்தா இப்டித்தான் சார். தண்ணிக்குப் போனாத்தான் அவன் கைய வெளிய எடுக்கறான்" என்றார்.

பெருந்தகையீர்! இனி மறுபடி "நீங்கள்". மாலையும் பொன்னாடையும் உங்கள் துயரை ஆற்றாது. இம்மடலை உங்கள் இல்லத்தில் மாட்டாமல் புகுமுக வகுப்பறைச் சுவரில் மாட்டச் சொன்னீர்கள், அவ்வாறே செய்கிறோம். நோயின்றி, நோவின்றி நெடுங்காலம் நீங்கள் நடமாட வேண்டும். பழவேற்காட்டுக்குத் திரும்பத் திரும்பப் போய் வர அந்தக் கால்கள் வேண்டும். முன்வரிசையில் துலுக்காணத்துக்கென்று நாங்கள் போட்ட நாற்காலி, இதைப் படித்து முடிக்கும் இந்த நேரம்வரை காலியாகத்தான் இருக்கிறது.

கலங்கிய கண்களோடு,
உடன் பணியாற்றிய ஆசிரியர்களும் அலுவலர்களும்
1978