விமானத்துக்கு ஒரு ரோடு

போனக்காட்டிலிருந்து திருவனந்தபுரம் வரும் காலை பஸ். எனக்கு முன் சீட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் இருவர். மூத்தவர் சொன்னார்:

"ஆகாசத்துலேர்ந்து விழுந்தவரையும் கம்பிளியிலதான் தூக்கினோம், கேட்டியா?"

"அந்தக் குட்டி பிளேன் முதலாளியையா அக்கா?"

"அவரேதான். சொந்தமா ஓட்டிக்கிட்டு வந்தாராம். பனி மஞ்சு மூடி வழி தெரியாம எங்க தேயிலைச் செடிமேல இறக்கிட்டாரு. கால் ஒடிஞ்சு கெடந்தாரு. ஆம்புலன்ஸ் கீழ வளைவுலயே நின்னுட்டு. மேல ரோடு இல்லைல்லா."

"உங்க மருமக பிரசவத்துக்கும் அங்கதானே நின்னுது?"

"ஆமா. அவளைத் தூக்கின அதே கம்பிளியை மூங்கில்ல கட்டி, அதே மஞ்சுல எறங்குனோம். அவ வலியில கூட வாயத் தொறக்கல. இவரு வளைவுக்கு வளைவு, 'உங்களுக்கு வழி தெரியுமா?'ன்னு கேட்டுக்கிட்டே வந்தாரு."

இளையவளோடு சேர்ந்து நானும் சிரித்ததில் நான் இறங்க வேண்டிய ஸ்டாப் போய்விட்டது.

"பின்னே ரோடு போட்டாங்கன்னு சொன்னாங்களே அக்கா?"

"போட்டாங்க. நாங்க எத்தனை மனு குடுத்திருப்போம், ஒருத்தரும் எட்டிப் பார்க்கல. பிளேனை லாரியில கொண்டுபோகணும்னதும் ஒரே வாரத்துல ரோடு வந்துட்டு."

"நல்லதாப் போச்சு. இனி ஆம்புலன்ஸ் வாசலுக்கே வருமே!"

"எங்க வர? பிளேனை ஏத்திக்கிட்டு லாரி எறங்குனதுல ரோடு மொத்தமும் பேந்துட்டு. கம்பிளியைத் துவைச்சுக் காயப்போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."