ஆறு தடவையும் சிவப்பு

பெர்மாஸ் ஜெயா செல்லும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

"மகனுக்குப் பாத்த பொண்ணுக்கு கோயில்ல ஆறு தடவ பூ கட்டிப் போட்டேன்க்கா. ஆறும் சிவப்பு! வேணாம்னு ஆத்தா சொல்லிட்டா."

"ஒரு பொட்டலம் வெள்ளை, ஒண்ணு சிவப்பு. கணக்குப்படி பாதிக்குப் பாதி வரணும் லா. ஒரு தடவகூடவா வெள்ளை வரல?"

"வரல. கண்ண மூடித்தான் எடுத்தேன்."

"மிச்சப் பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தியா?"

"அத எதுக்குப் பிரிக்கணும்?"

"பூவ யாரு கட்டுனா?"

"என் மகன்தான்க்கா! கோயில் பக்கமே வராதவன், அன்னிக்கி ஒவ்வொரு தடவையும் அவனே புதுசா கட்டிக் குடுத்தான்."

அக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நிறுத்தங்கள் போயின.

"அலமாக்!" மகனின் அம்மா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

அம்மா கைப்பேசியை எடுத்தார்.

"டேய், நீ பாத்து வச்சிருக்கவ பேரு என்னடா?"