தலைமேட்டு மரம்

பொழுது சாய்ந்து ஒரு நாழிகை. ஆற்றங்கரைச் சாலை. ஆளில்லை... பனி மட்டும் கொட்டிக்கொண்டிருந்தது.

விளக்கைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். இது என் நண்பர் தோகுரோவின் பெரியப்பாவுக்கு நடந்தது. உனெமே என்று பெயர். குலப்பெயரைச் சொல்லமாட்டேன். அந்த வீட்டில் இன்னும் கட்டிக்கொடுக்கவேண்டிய பெண்கள் இருக்கிறார்கள்.

சாமுராய்களிடமிருந்து அரசாங்கம் வாளைப் பறித்து நாலு வருடம். உனெமேவுக்கு மிச்சம் குலப்பெயர் ஒன்றுதான். அதற்கும் கேடு வந்தது. அச்சுக்கூடத்தில் பழைய போர் ஒன்றைப் படமாக அச்சிட மரக்கட்டையில் செதுக்கியிருந்தார்கள். அதில் அவருடைய முன்னோர் ஒருவர் முதுகைக் காட்டி ஓடுகிறார். பக்கத்திலேயே பெயர். விடிந்தால் படம் கடைக்குப் போய்விடும்.

கட்டையில் பிழை என்றால் அந்த இடத்தை மட்டும் தோண்டி, வேறு துண்டை இறுக்கிச் செதுக்குவார்கள். துண்டை உனெமேவே அந்தப் பனியில், ஆற்றங்கரை வழியே கொண்டுபோனார். செர்ரி மரம்... அந்தப் போரில் வெட்டுண்ட தலைகளைப் புதைத்த மேட்டில் நின்றது. முன்னோர் முகத்துக்கு வேறு மரம் ஆகாது என்று நினைத்தார்.

செதுக்குபவன் கான்ரோகு சிரித்தான். "முகத்தத் திருப்பணும், அவ்வளவுதானே? சொன்னா குதிரை மேலயே ஏத்திடுறேன், ஐயா."

முதல் தாள். சர்... சர்... தேய்த்து எடுத்தான். முன்னோர் எதிரியைப் பார்த்து நின்றார். உனெமே தலைவணங்கினார்.

இரண்டாம் தாளில் கழுத்தில் ஒரு சிவப்புக் கோடு. சிவப்பு மையை இன்னும் குழைக்கவே இல்லை.

ஐந்தாவதில் தலை சாய்ந்தது. ஒன்பதாவதில்... கழுத்துக்கு மேல் வெறும் தாள்.

கான்ரோகு துண்டைப் பிடுங்கினான். அடியில் ஈரம். துருவின் வாடை.

"இத எங்கேர்ந்து வெட்டினீங்க?"

உனெமே கட்டை, தாள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டார். பெயர் பிழைத்தது என்று வீட்டுக்கு நடந்தார்.

கிணற்றடியில் மருமகள் ஸயோ உடையின் கைகளை வரிந்துகட்டிக்கொண்டு மண்டியிட்டிருந்தாள். மடியில் ஒன்றுமில்லை. ஆனாலும் சீப்பால் வாரிக்கொண்டிருந்தாள்.

வெட்டிய தலைகளைக் கழுவி, வாரி, பெயர்ச்சீட்டுக் கட்டுவது அந்தக் காலத்தில் பெண்கள் வேலை. அவளுக்கு அதை யாரும் சொன்னதில்லை.

"ஒம்பதையும் கழுவிட்டேன், மாமா. எல்லாம் நம்ம வீட்டு முகமா இருக்கு. ஒரே பேரத்தான் எழுதறதா?"

உனெமே தம் தலையைத் தொட்டார். படிய வாரியிருந்தது. காதோரம் ஒரு நூல்... நூல் முனையில் சீட்டு.

மை இன்னும் காயவில்லை.