சுகுணா டீச்சரிடம் ஒரு கேள்வி

— பஸ்ஸு வந்தா ஏறிடுவேன் பவளம், என்னைத் தடுக்காதே.

— ஏறுங்க, யாரு வேணாங்கிறது? கூட்டம் நடக்கும்போதே பாதியில பையைத் தூக்கிக்கிட்டு ஓடியாந்துட்டீகளே சுகுணாக்கா!

— பின்ன? எரநூறு இங்கிலீஷ் வாத்தியாருங்க உக்காந்திருக்காங்க. அந்தப் பெங்களூர் புரொபசர் எழுந்து கேள்வி கேட்டாரு. ஒரு வார்த்தை பிடிபடலை. இருபத்திரண்டு வருஷமா மத்திகிரில இங்கிலீஷ் எடுக்கறவ, மைக்கைப் பிடிச்சிக்கினு பொம்மை மாதிரி நின்னேன்.

— அவரு மூச்சு விடாம பேசுனாரு. பர்கூர்ல நானும் எட்டு வருசமா எடுக்குறேன். எனக்கும் ஒண்ணும் வெளங்கலை.

— அட சும்மா இரு. எனக்காகச் சொல்றே.

— சத்தியமாக்கா. ஆனா அதுக்கு முன்ன நீங்க பேசுனது அம்புட்டுப் பேருக்கும் புரிஞ்சுச்சு. அந்த மங்கம்மா விசயம் சொன்னீகள்ல, எல்லாரும் நோட்டை எடுத்துக் குறிச்சுக்கிட்டாக.

— அதுல இன்னா இருக்குது? பசங்களுக்கு வீட்ல தெலுங்கு, தெருவுல கன்னடம், கிளாஸ்ல தமிழ். நாலாவதா இங்கிலீஷ் எங்கருந்து வரும்? அதான், அம்மா அப்பாவுக்குக் கம்பெனியில தர்ற இங்கிலீஷ் காகிதத்தையே கொண்டாரச் சொல்லி நடத்தறேன். என் கிளாஸ் சரிதா, அவங்கம்மா மங்கம்மா கையெழுத்துப் போட இருந்ததைக் கொண்டாந்தா. லீவு பாரம்னு சொல்லிக் குடுத்தாங்களாம். இவ எழுத்துக்கூட்டிப் படிச்சா... 'ஐ ரிசைன்'.

— எட்டாங்கிளாஸ் புள்ள ஆத்தா வேலையைக் காப்பாத்திருச்சு!

— அவ படிச்சா, காப்பாத்தினா. சொல்லிக் குடுத்தவளுக்கு ஒரு கேள்வி புரியலை. ஊத்தங்கரையில தமிழ் மீடியம் படிச்ச புத்தி எங்க போகும்? நாம வாத்தியாருங்க இங்கிலீஷ் பேசிப் பழகற சனிக்கிழமைக் கூட்டத்துக்கும் இனி நான் வரலை. நீங்களே நடத்திக்கோங்க.

— நல்லாருக்கே நாயம்! இங்கிலீஷ் வாத்தியார்னு பேரு வச்சுக்கிட்டு இங்கிலீஷ்ல வாயைத் தொறக்கப் பயந்தவ நானு. தப்பாப் பேசு, பேசிக்கிட்டே இருன்னு அங்க என்னை ஒக்கார வச்சதே நீங்கதானே?

— அது வேற.

— வேறயா? நீங்க வெளிய வந்தப்புறம் என்ன நடந்துச்சு தெரியுமா? நான் எந்திரிச்சேன். 'சார், ஐ ஆல்சோ டிட் நாட் அண்டர்ஸ்டாண்ட்'னேன். அடுத்து என் பக்கத்துல இருந்த ஜெகதீஷ் சார் எந்திரிச்சாரு. அப்புறம் பின்வரிசை பூராவும்.

— ஐயையோ! அவரு கோவிச்சிக்கினாரா?

— மன்னிப்புக் கேட்டாருக்கா. நிறுத்தி நிதானமா மறுபடி அந்தக் கேள்வியையே கேட்டாரு.

— நான் சொன்னதுல இன்னா தப்பு கண்டுபிடிச்சாராம்?

— வாத்தியார் வேலைக்குப் படிக்கிற புள்ளைக பத்துப் பேரு அவர்ட்ட இருக்காகளாம். 'உங்க கிளாஸ்ல பின் பெஞ்சுல அவங்களை ஒக்கார விடுவீங்களா டீச்சர்?' இம்புட்டுத்தான் அவரு கேட்டது.