மாத்திரை தொடங்கிய முதல் வாரம்

அவைக்குத் தலைமையேற்று அயராது அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் அவர்களே, எங்களுக்குத் தொழிலும் துணிவும் தந்த மூத்த தோழர்களே, அழும் பிள்ளையைத் தோளில் தட்டிக்கொண்டே செவிசாய்க்கும் தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்!

களைத்த குரலோடு வந்திருக்கிறேன். காலையிலிருந்து லிஃப்ட் கயிற்றோடு மல்லுக்கட்டிய கை இது. ஒலிபெருக்கியைப் பிடிக்கவே வலிக்கிறது. சுருக்கமாகப் பேசச் சொன்னார் தலைவர். சுருக்கமாகப் பேசுகிறவனையா மேடையேற்றினீர்கள்? சிரிக்காதீர்கள், தலைவர் முறைக்கிறார்.

போன ஆண்டு ஒரு துணிக்கடையில், லிஃப்டின் கூரைமேல் நின்று வேலை செய்தபோது பிரேக் நழுவியது. ஒரு மாடி உயரம், லிஃப்டோடு விழுந்தேன். எலும்பு முறியவில்லை, தோல் கிழியவில்லை. "தப்பிச்சிட்டப்பா!" என்று தோளில் தட்டினீர்கள். தப்பியது உடம்பு, தப்பாமல் மாட்டிக்கொண்டது மனம்!

அதன்பின் லிஃப்ட் கதவு மூடும் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கும், நாக்கு வறளும், நடுமுதுகு நனையும். கருவிப் பையோடு படிக்கட்டில் ஏறினேன். "என்ன லிஃப்டுக்காரரே, உங்க வண்டியே ரிப்பேரா?" என்றார் காவலாளி. என்னம்மா, பின்வரிசையில் கேட்கவில்லையா? இன்னும் உரக்கச் சொல்ல எனக்குத் தெம்பில்லை, கொஞ்சம் முன்னால் வாருங்கள்.

மனநல மருத்துவரிடம் என்னை இழுத்துப் போனவள் என் மனைவி. "மூளையில செரோடோனின்னு ஒரு ரசாயனம் இருக்கு. அதை வாங்கிக்கிற இடங்களை ஏற்பிகள்னு சொல்வோம். சில ஏற்பி பதற்றத்தைத் தணிக்கும், சிலது கிளறிவிடும். இந்த மாத்திரை போட்டா முதல்ல பயம் கூடலாம். தணிய சில வாரம் ஆகும். நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டரம்மா.

கூடலாம் என்றாரே, கூடியது! சாப்பாடு இறங்கவில்லை, கண் மூடவில்லை. மாத்திரை அட்டையைக் குப்பையில் வீசினேன். மனைவி எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தாள்.

"என்னால முடியல. மருந்தே என்னைப் பயமுறுத்துது."

"அவங்க முதல்ல சொன்னது நடக்குதில்ல? அப்ப அடுத்து சொன்னதும் நடக்கும். இப்பவே போன் போடுங்க, நானும் பேசறேன்."

மருத்துவர் அளவைக் குறைத்து, மெல்ல மெல்லக் கூட்டினார். வாரங்கள் போயின, படபடப்பு தணிந்தது. பயம் அழிந்ததா? இல்லை. "விழுந்த ஞாபகம் அழியாது. விழாத ஞாபகத்தை அதுக்குப் பக்கத்துல சேர்க்கணும்" என்றார் டாக்டரம்மா. சேர்த்தோம்! மனைவியின் கையைப் பிடித்தபடி ஒரு மாடி. மறுநாளும் ஒரு மாடி. பிறகு நான் மட்டும் தனியே ஒரு மாடி. ஒருநாள் கதவு மூடுமுன்னே வெளியே ஓடிவந்தேன். "பரவால்ல, டீ குடிச்சிட்டு ஏறலாம்" என்றாள் வெளியே காத்திருந்த மனைவி.

இன்று வேலைக்குத் திரும்பிவிட்டேன். சில காலைகளில் இன்னும் நெஞ்சு இடிக்கிறது. அன்றெல்லாம் சோர்ந்துபோகிறேன், தோழர்களே, சோர்ந்துபோகிறேன். ஆனால் வெட்கப்படுவதில்லை!

கை முறிந்தவனுக்குக் கட்டு. மனம் முறிந்தவனுக்குக் கிண்டலா? மூளையின் ஏற்பிகள் நம்மைக் கேட்டா கிளர்கின்றன? நம்மைக் கேட்டா அடங்குகின்றன? பிறகு எந்த வாயால் ஒருவனைக் கோழை என்கிறோம்?

இந்த அரங்கிலும் யாரிடமும் சொல்லாமல் நடுங்கும் ஒருவர் இருப்பார். ஐயா, அம்மா, நீங்கள் கை தூக்க வேண்டாம், எழுந்து நிற்க வேண்டாம். கூட்டம் கலைந்ததும் சும்மா என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். எதுவும் கேட்கமாட்டேன், மருத்துவரிடம் கூடவே வருவேன்.

களைத்தவன் பேச்சைக் கலையாமல் கேட்ட உங்கள் பொறுமைக்கு என் நன்றி. வணக்கம்!